ஈரக் கைக்கு ஒரு போன்

போன வாரம் மகள் வந்தபோது டேப்லெட் என்று ஒன்றைக் காட்டினாள். சிலேட்டுப் பலகை மாதிரி இருந்தது. விரலால் தடவினால் படம் நகர்கிறது. "உனக்கும் ஒண்ணு வாங்கித் தரேம்மா. பேரன் மூஞ்சியப் பாத்துக்கினே பேசலாம்" என்றாள். வாங்கு, ஆனால் கடைக்கு நானும் வருவேன் என்றேன். "கடைக்கு வந்து நீ என்னம்மா பாக்கப் போற?" என்று சிரித்தாள்.

அவளுக்குப் பாதிக் கதைதான் தெரியும். மீதியை இப்போது சொல்கிறேன். நான் சொல்லச் சொல்ல அவளே எழுதுகிறாள். என் எழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும், வேறொன்றுமில்லை. சொன்னதை மாற்றக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

ஓசூரில் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு தெருவில் நான் மெஸ் நடத்தினேன். நான் பாரூர்ப் பக்கத்துப் பெண். ஏரித் தண்ணீர் பாய்ந்து நெல் விளைந்த வீட்டில் பிறந்தவள். அரிசியைக் கையில் அள்ளினாலே பழசா புதுசா என்று சொல்லிவிடுவேன். கல்யாணமாகி, வீட்டுக்காரருக்குக் கம்பெனியில் வேலை கிடைத்து இங்கே வந்தோம். தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் இருபது வருஷம் நின்றதில் அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. வேலையை விட்டதும், வீட்டின் முன்னறையில் நாலு பெஞ்சு போட்டு மெஸ் ஆரம்பித்தோம். காய்கறி, விறகு, கேஸ் எல்லாம் அவர் பொறுப்பு. அடுப்பும் ஆட்களும் என் பொறுப்பு.

சாப்பிட வருகிறவர்கள் இருபத்தைந்து பேருக்குக் குறையாமல் இருப்பார்கள். எல்லாரும் கம்பெனிப் பிள்ளைகள். திருநெல்வேலி, மதுரை, புதுக்கோட்டை என்று தெற்கத்தி ஆட்கள்தான் அதிகம். என்னை ஆச்சி என்பான் ஒருவன், ஆத்தா என்பான் ஒருவன், அம்மா என்பான் இன்னொருவன். தளிப் பக்கத்திலிருந்து வந்த ஒருவன் கன்னடத்தில் அஜ்ஜி என்பான். எதற்கும் திரும்பிப் பார்ப்பேன்.

ஒன்று மட்டும் கண்டிப்பு. 'சோறு தீர்ந்துபோச்சு' என்ற பேச்சு என் வாசலில் வந்ததில்லை. மாசச் சாப்பாடு என்று என்னிடம் சொல்லிவைத்தவன் எந்த நேரத்துக்கு வந்தாலும் அவன் பங்கு இருக்கும். அவன் பங்கு என்றால் அவனுக்கு ஏற்ற பங்கு. திருநெல்வேலிக்காரர் ஒருவருக்குச் சர்க்கரை வியாதி, அவருக்குச் சோறு பாதி, கேழ்வரகுக் களி பாதி. ஒருவன் சனிக்கிழமை முட்டை தொடமாட்டான். ஒருவனுக்குக் கத்தரிக்காய் ஆகாது. இதெல்லாம் நோட்டில் இல்லை, என் தலையில் இருந்தது.

சிக்கல் ஓவர்டைமால் வந்தது. காலை ஷிஃப்ட் இரண்டு மணிக்கு முடியும். இரண்டரைக்குக் கும்பலாக வந்து சாப்பிடுவார்கள். முன்பெல்லாம் ஓ.டி. இருந்தால் முதல் நாளே தெரியும், காலையில் இட்லி சாப்பிடும்போதே சொல்லிவிட்டுப் போவார்கள். பிறகு கம்பெனிகளில் ஆர்டர் கூடியது. மத்தியானம் ஒரு மணிக்கு சூப்பர்வைசர்கள் வந்து, நீ நில்லு, நீ நில்லு என்று சொல்ல ஆரம்பித்தார்கள். நின்றவன் ஆறு மணிக்கு வருவான். சில கம்பெனியில் ஓ.டி.க்கு அங்கேயே சாப்பாடு போட்டுவிடுவார்கள், அவன் வரவே மாட்டான். யார் வருவார், யார் வரமாட்டார் என்று எனக்கு எப்படித் தெரியும்? நாலு மணி வரை பார்ப்பேன். பிறகு மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றிவிடுவேன்.

ஒருநாள் அந்தத் திருநெல்வேலிக்காரர் ஆறரைக்கு வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும், வந்தவர்களில் அவர்தான் மூத்தவர். பானையெல்லாம் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது.

"இருக்கட்டும் ஆச்சி, நீங்க என்ன செய்விய. நாந்தான சொல்லாம இருந்துட்டேன்" என்றார். நான் தோசை ஊற்றித் தருகிறேன் என்பதற்குள் எதிர்ப்பக்கம் போய்விட்டார். எதிரே அந்த மாசம்தான் ஒரு புது மெஸ் திறந்திருந்தார்கள். அவர் அங்கே குழாயடியில் கை கழுவுவதை என் வாசலில் நின்று பார்த்தேன். அது இன்றைக்கும் என் கண்ணில் இருக்கிறது.

எதிர் மெஸ்காரிக்கு ஐம்பது வயது இருக்கும். அவள் கையில் செல்போன் இருந்தது. "ஓ.டி. இருந்தா ஒரு போனு அடிங்க தம்பி, எடுத்து வெக்கிறேன்" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வாள். எனக்குக் கேட்பதற்காகத்தான் சொன்னாள் என்று எனக்குத் தெரியும்.

அதற்குள் எல்லாப் பிள்ளைகள் கையிலும் செல்போன் வந்திருந்தது. எனக்கும் ஒன்று வேண்டும் என்று கிருஷ்ணகிரியில் இருக்கும் மகளிடம் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மாப்பிள்ளை போனோடு வந்தார். பெங்களூரில் வாங்கியது. பவுடர் டப்பா மாதிரி திறந்து மூடுகிற போன். உள்ளே கண்ணாடி, வெளியே மூடியின் மேல் ஒரு சின்னக் கண்ணாடி. போட்டோ எடுக்கலாம், பாட்டுக் கேட்கலாம் என்றார். நல்ல மனிதர், ஆசையாகத்தான் வாங்கிவந்தார். அன்றைக்குச் சாப்பிட வந்த பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்காரவைத்து அவரவர் பேரையும் நம்பரையும் ஏற்றிக்கொடுத்தார். எல்லாம் இங்கிலீஷில்.

"இனிமே யாரு கூப்டாலும் பேரே வந்துடும் அத்தை. உங்களுக்குக் கஷ்டமே இல்ல" என்றார்.

எனக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது. தமிழிலும் பஸ் போர்டைக் கூட்டிப் படிப்பதற்குள் பஸ் போய்விடும். ஆனால் எண் அப்படியில்லை. நெல் மூட்டை எண்ணி வளர்ந்தவள் நான். பஸ் நம்பர், தராசு முள், கேஸ் சிலிண்டர் நம்பர் எல்லாம் ஒரு பார்வையில் பிடித்துக்கொள்வேன். அன்றைக்கு ஒரு வார்த்தை, 'மாப்பிள்ளை, எனக்கு இதைப் படிக்க வராது' என்று சொல்லியிருந்தால் போதும். வாய் வரவில்லை. இருபத்தைந்து பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை என்ன நினைப்பார், அவர் வீட்டில் போய் என்ன சொல்வார். "சரிங்க மாப்ள, ரொம்ப நல்லாருக்குது" என்று வாங்கி அரிசி டின் மேல் வைத்தேன்.

பிள்ளைகளே ஒரு கணக்கு வைத்தார்கள். நான் போனை எடுக்கக் கூடாது, எடுத்தால் அவர்களுக்குக் காசு போகும். ஒரு தடவை அடித்து நிறுத்தினால், லேட்டாகும், சோறு எடுத்து வை என்று அர்த்தம். அதே ஆள் இரண்டு தடவை அடித்தால், இன்றைக்கு வரவில்லை என்று அர்த்தம். அடிக்கவே இல்லையென்றால் நேரத்துக்கு வருகிறான். அந்தக் காலத்தில் ஓசூரில் பாதி வேலை மிஸ்டு காலில்தான் நடந்தது. பால்காரனுக்கு ஒரு கணக்கு, ஆட்டோக்காரனுக்கு ஒரு கணக்கு என்று எல்லாரும் வைத்திருந்தார்கள்.

முதல் ஐந்து நாள் போன் அடிக்கவில்லை. ஆறாம் நாள் ஒன்று அடித்தது. திறந்து பார்த்தால் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி. யாரென்று தெரியவில்லை. பொதுவாக ஒரு தட்டு எடுத்து வைத்தேன். வந்தவன் முட்டை தொடாதவன், அன்றைக்கு சனிக்கிழமை, தட்டில் முட்டை. அவன் முட்டையை ஓரமாக ஒதுக்கிச் சாப்பிட்டான். தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் நடந்தது அப்படித் தப்பக்கூடியதாக இல்லை. மத்தியானம் ஒன்றரை மணி. ஒரு கை சோறு வடிக்கிறது, ஒரு கை குழம்பு கிளறுகிறது. போன் அடித்து நின்றது. சற்று நேரத்தில் மறுபடியும் அடித்து நின்றது. கை ஈரம். மூடியைத் திறந்தால் ஈரம் உள்ளே போய்விடும் என்று மாப்பிள்ளை எச்சரித்திருந்தார். மேலே சின்னக் கண்ணாடியில் பார்த்தேன். 2 என்று இருந்தது. அது எனக்குப் படிக்கத் தெரியும். இரண்டு தடவை என்றால் ஒருவன் வரவில்லை. சரி என்று விட்டுவிட்டேன். திறந்து பார்த்திருந்தாலும் எறும்பு வரிதான் இருந்திருக்கும்.

நாலு மணிக்குச் சோற்றில் தண்ணீர் ஊற்றினேன். ஆறு மணிக்கு இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒருவர் திருநெல்வேலிக்காரர். இன்னொருவன் மதுரைப் பக்கத்துப் பையன். பேச்சில் மிளகாய் இருக்கும், சாப்பாட்டில் இன்னும் கேட்பான். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு தடவை அடித்திருக்கிறார்கள்.

"என்னாத்தா, ஆளுக்கு ஒரு தடவதான அடிச்சோம். எடுத்து வைக்கிறதுக்குத்தான இந்தப் போனு?" என்றான் மதுரைக்காரன்.

"ரெண்டு அடிச்சுதுப்பா. யாரோ வரலன்னு நெனச்சேன்."

"யாரோவா? பேரு வருமே ஆத்தா, அதுல பாக்கலையா?"

நான் தோசைக்கல்லை எடுக்கத் திரும்பினேன். எதிரிலிருந்து அந்தக் குரல் வந்தது. "தம்பி, இங்க ரசம் சூடா இருக்குது, வாங்க."

"பாட்டுக் கேக்குற போனு வச்சிருக்காக, சோறு மட்டும் இல்ல" என்று சொல்லிவிட்டு அவன் தெருவைத் தாண்டிப் போனான். மறுநாளிலிருந்து என் வாசலுக்கு வரவில்லை.

திருநெல்வேலிக்காரர் போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தார். "களி கிண்டிருங்க ஆச்சி, இருக்கேன்" என்றார். சர்க்கரை உள்ளவர், காலையில் ஐந்து மணிக்குச் சாப்பிட்ட இட்லி. பட்டினியில் சர்க்கரை இறங்கிப்போயிருக்கும். முதலில் ஒரு டம்ளர் மோரும் வெல்லக்கட்டியும் கொடுத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். களி வெந்துகொண்டிருந்தது. போன் அரிசி டின் மேல் பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

சாப்பிட்டு எழுந்து போகும்போது கேட்டேன். "தம்பி, உங்க நம்பரு கடைசி ரெண்டும் என்ன?"

"நாப்பத்தேளு, ஆச்சி. எதுக்கு?"

"சும்மா" என்றேன்.

மறுநாள் காலை டிபன் முடிந்ததும், வீட்டுக்காரரிடம் ஜாடையில் சொல்லிவிட்டு, போனை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பக்கத்தில் வரிசையாகப் போன் கடைகள். பளபளப்பு குறைவாக இருந்த ஒன்றில் ஏறினேன். கடைக்காரருக்குக் கன்னடம்தான் வீட்டுப் பேச்சு, தமிழ் கடைப் பேச்சு.

"ஏனு பேக்கும்மா?" என்றார்.

"போனு வேணும்."

முந்தானையை அவிழ்த்து மடக்குப் போனைக் காட்டினேன். அவர் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஐயோ, இது சூப்பர் பீஸும்மா. இத வெச்சிக்கினு எதுக்கு வேற? உங்களுக்குப் போனு எதுக்கு வேணும், அதச் சொல்லுங்க மொதல்ல" என்றார்.

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. கடையில் வேறு ஆள் இல்லை என்று ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

"எனக்குப் படிக்க வராது. நம்பரு வரும். இருபத்தஞ்சி பேரு மிஸ்டு கால் குடுப்பாங்க. யாரு ஒரு தடவ அடிச்சா, யாரு ரெண்டு தடவ அடிச்சா, அது எனக்குத் தெரியணும். தெரியலன்னா ஆளு பட்டினி. என் கை எப்பவும் ஈரம். பக்கத்துல கிரைண்டர் ஓடும். இதுக்கு ஒரு போனு குடு" என்றேன்.

மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். அவர் சிரிக்கவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து ஐந்து போன்களை எடுத்து வரிசையாக வைத்தார்.

"இதுல எப்.எம். வரும்மா."

"வேணாம்."

"இது கேமரா."

"சோத்தப் போட்டோ புடிச்சா பசி ஆறுமா? தண்ணி குடு."

குடிப்பதற்கு என்று நினைத்து ஒரு டம்ளர் கொடுத்தார். நான் விரலை நனைத்து முதல் போனின் பட்டனை அழுத்தினேன். "அம்மா அம்மா, பேடம்மா, புது பீஸு!" என்று பதறினார். பட்டன் இடுக்கில் தண்ணீர் இறங்கியது. அதைத் தள்ளி வைத்தேன். இரண்டாவதும் அப்படியே. மற்ற மூன்றிலும் பட்டன் தனித்தனியாக இல்லை, ஒரே ரப்பர் தகடாக மேலே மூடியிருந்தது. தண்ணீர் மேலேயே நின்றது. துடைத்தால் போய்விட்டது.

பிறகு வெளியே கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றில் எண் கடுகு அளவு. அதுவும் கழிந்தது. மீதி இரண்டு.

"இப்ப உன் போன்லேர்ந்து ரெண்டு தடவ அடிச்சி நிறுத்து" என்றேன்.

என் சிம்மை ஒவ்வொன்றிலும் மாற்றிப் போட்டு அடித்தார். ஒன்றில் அவர் நம்பர் ஒரு முறைதான் காட்டியது. எத்தனை தடவை அடித்தாலும் ஒன்றுதான் என்றார், அது அப்படித்தானாம். இன்னொன்றில் நம்பருக்குப் பக்கத்திலேயே 2 என்று போட்டது. மறுபடி அடிக்கச் சொன்னேன். 3 ஆனது.

"இதான்" என்றேன். பெட்டியிலேயே விலை குறைந்தது அதுதானாம். தலையில் டார்ச் லைட்டும் இருந்தது. அவருக்கே ஆச்சரியம். "முப்பது போனு விக்கிறேன் தினமும், யாரும் இந்த டெஸ்ட் பண்ணலம்மா" என்றார்.

"இன்னொரு வேலை இருக்குது. சிம்முல இருக்குற பேரெல்லாம் அழிச்சிடு."

"பேரு இருந்தாத்தானேம்மா யாருன்னு தெரியும்?"

"பேரு இருந்தா எனக்குத் தெரியாது. அழி."

ஒவ்வொன்றாக அழித்தார். அழிக்கும் முன் ஒவ்வொரு பேரையும் வாய்விட்டுப் படித்து நம்பரைச் சொன்னார். நான் கடைசி இரண்டு எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டேன். கத்தரிக்காய் ஆகாதவன் பதினெட்டு. சனிக்கிழமைக்காரன் முப்பது. மதுரைக்காரன் அறுபத்திமூன்று. இருபத்தைந்து பேரையும் ஒரு தடவை திருப்பிச் சொன்னேன், பன்னிரண்டில்தான் தடுமாற்றம். இரண்டு பேருக்குப் பன்னிரண்டு. ஒருவன் கண்ணாடி போட்டவன், அவனைக் கண்ணாடிப் பன்னிரண்டு என்று வைத்து, நம்பரில் அதற்கு முன்னால் இருக்கும் எண்ணையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

அன்றைக்கு மத்தியானமே பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது, இனி உங்கள் பேரெல்லாம் இந்த நம்பர்தான் என்று. கண்ணாடிப் பன்னிரண்டு சொன்னான், "எங்கம்மா கோயில் கோயிலாப் போயி வெச்ச பேரும்மா."

"உங்கம்மா கூப்புடுற பேரு உங்கம்மாவுக்கு. எனக்குச் சோறு போடணும்."

"ஏய் பதினெட்டு, தண்ணி ஜக்க எடு" என்றான் ஒருவன். அதோடு தெருவெல்லாம் அதே பேச்சாகிவிட்டது.

மாப்பிள்ளை யுகாதிப் பண்டிகைக்கு வந்தபோது அரிசி டின் மேல் வேறு போன் இருப்பதைப் பார்த்தார். மடக்குப் போனைத் துணியில் சுற்றி பீரோவில் வைத்திருந்தேன். எடுத்து அவர் கையில் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். இந்த முறை வாய் வந்தது. அவருக்கு முகம் சுண்டிப்போனது.

"முன்னமே சொல்லியிருந்தா தமிழ்லயே போட்டுக் குடுத்திருப்பேனே அத்தை."

"தமிழுன்னாலும் எழுத்துக் கூட்டணும் மாப்ள. அதுக்குள்ள கொழம்பு அடி புடிச்சிடும். தப்பு உங்க மேல இல்ல. நாந்தான் சொல்லல."

அவர் அந்தப் போனை மகளுக்குக் கொடுத்தார். அவள் அதில் பேரனைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறாள். அந்த வேலைக்கு அது நல்ல போன்தான்.

ஆனால் மதுரைக்காரன் வரவில்லை. தினமும் காலையில் எதிர்ப்பக்கம் போவான். என் வாசலைத் தாண்டும்போது செருப்பைப் பார்த்துக்கொண்டே போவான். அவனைக் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. பட்டினியாக அனுப்பியவள் நான், எந்த முகத்தோடு கூப்பிடுவது? அவன் தட்டைக் கழுவி அதே வரிசையில் வைத்திருந்தேன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, பெரிய கம்பெனியில் ஒரு லைன் முழுக்க ஓ.டி. போட்டார்கள். ஒரு மணியிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருந்தது. கிரைண்டர் ஓடுகிறது, நான் பாட்டுக்கு வடித்துக்கொண்டிருந்தேன். அடங்கியதும் ஈரக் கையோடு எடுத்துப் பார்த்தேன். நாற்பத்தேழு, ஒன்று. பதினெட்டு, ஒன்று. முப்பது, இரண்டு. கண்ணாடிப் பன்னிரண்டு, ஒன்று. கடைசியில் அறுபத்திமூன்று.

பக்கத்தில் 2 இல்லை. ஒரே தடவைதான் அடித்திருக்கிறான்.

மறுபடி பார்த்தேன். எதிர் மெஸ்ஸுக்கு அடிக்க வேண்டியதைத் தவறி இங்கே அடித்திருப்பானோ என்று ஒரு நினைப்பு வந்தது. அதை யோசிப்பது என் வேலையில்லை. ஒரு தடவை அடித்தால் எடுத்து வைக்க வேண்டும். களி தனியாக, கத்தரிக்காய் இல்லாத குழம்பு தனியாக, ஒவ்வொன்றையும் மூடி வைத்தேன். வரிசையிலிருந்து அவன் தட்டை எடுத்து, மற்றவர்களைவிட ஒரு கரண்டி கூடப் போட்டு மூடினேன்.

ஆறேகாலுக்கு, ஒரு தடவை அடித்தவர்கள் எல்லாரும் வந்தார்கள். கடைசியாக அவன். உள்ளே வராமல் வாசற்படியில் நின்றான். திருநெல்வேலிக்காரர் அவனைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அடிச்சேன் ஆத்தா" என்றான்.

"தெரியும். ஒரு தடவ" என்றேன். "அறுபத்திமூணு, போயி கையக் கழுவு."